கோவைப் பட்டறையை விமானப் பாகங்களுக்குத் தயார் செய்வது எப்படி?

பம்ப் பாடியும் மோட்டார் ஷாஃப்டும் ஓட்டுகிற கோவைப் பட்டறைக்கு விமான, பாதுகாப்புத் துறை ஆர்டர் எட்டாத உயரத்தில் இல்லை. ஆனால் அந்த ஆர்டரை நம்பி முதலில் ஐந்து ஆக்சிஸ் மெஷினுக்குக் கடன் வாங்குகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். மெஷினுக்கு முன்னால் வர வேண்டியது அளவெடுக்கும் அறை. அதற்கும் முன்னால், செய்த வேலையை அன்றன்றைக்கே எழுதி வைக்கும் பழக்கம் வர வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

மாற்றம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது, நூற்பாலைகள் பெருகின. ஆலை எந்திரங்களைப் பழுது பார்த்த பட்டறைகள் எந்திரமே செய்யத் தொடங்கின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். 1962இல் நூற்பு எந்திரத்துக்காகத் தொடங்கிய எல்.எம்.டபிள்யூ. (லட்சுமி மெஷின் ஒர்க்ஸ்) இன்று விமான, விண்வெளிப் பாகங்களுக்குத் தனிப்பிரிவு வைத்திருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் ஒரு முனை. பெரிய நிறுவனம் ஒன்று வந்து இறங்கினால் மட்டும் ஊர்ப் பொருளாதாரம் வளர்ந்துவிடாது. அதற்கு வேண்டிய பிராக்கெட்டும் புஷ்ஷும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் ஆவாரம்பாளையத்திலும் தயாரானால்தான் பணம் இங்கேயே சுற்றும். அந்த பிராக்கெட்டை நிராகரிப்பு இல்லாமல் செய்துகொடுப்பதுதான் இங்கே பேச்சு.

எங்கே நுழைவது?

ஹெச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கதவையோ வெளிநாட்டு விமான நிறுவனத்தின் கதவையோ நேரடியாகத் தட்டுவதில் பயன் குறைவு. அவர்களுக்குப் பாகம் கொடுக்கும் முதல் அடுக்கு நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கொடுக்கும் இரண்டாம் அடுக்கு நிறுவனங்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் கோவையிலும் இருக்கின்றன. உங்கள் முதல் வாடிக்கையாளர் அந்த இரண்டாம் அடுக்குதான்.

அவர்களிடமும் பறக்கிற பாகத்தைக் கேட்டுப் போகாதீர்கள். ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலையின்போது பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனங்கள்), தரையில் பயன்படும் டிராலி, லிஃப்டிங் கருவி, அசெம்பிளி டூலிங் ஆகியவற்றைக் கேளுங்கள். இவை பறக்காதவை. அதனால் விமானத் துறையின் தர நிர்வாகச் சான்றான ஏ.எஸ். 9100 இல்லாமலே பெரும்பாலான இடங்களில் தருவார்கள். ஆனால் டிராயிங் ஒழுங்கு, மெட்டீரியல் சான்று, அளவு அறிக்கை எல்லாம் அதே கண்டிப்புடன் கேட்பார்கள். ஒரு வருடம் இதைச் சரியாகச் செய்தால் உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி, அவர்களுக்கு நம்பிக்கை, இரண்டும் கிடைத்துவிடும். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் நடத்தும் வாங்குவோர் சந்திப்புகளில் இப்படிப்பட்ட நிறுவனங்களின் பர்ச்சேஸ் ஆட்களை நேரில் பார்க்கலாம். மெஷின் பட்டியல், கருவிப் பட்டியல், கேலிபிரேஷன் (அளவுக் கருவிகளைச் சரிபார்த்த) தேதிகள், நீங்கள் செய்த மூன்று சிக்கலான ஜாப்களின் அளவு அறிக்கை ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். வழவழ பிரசுரத்தைவிட அந்த அளவு அறிக்கைக்குத்தான் மதிப்பு.

குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். 2025 ஏப்ரல் முதல் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில்; 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில். ஜெட் (ZED, குறைபாடும் சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்கான அரசுச் சான்று) கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 60 சதவீதம் மானியம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9001 பாதையில் அது நல்ல முதல் படி.

டிராயிங்கை வாசிப்பது

விலை சொல்வதற்கு முன் டிராயிங்குக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒரு மூலையில் இருக்கும் சின்னக் கூம்புக் குறி. நம் ஊர் டிராயிங்குகள் பெரும்பாலும் முதல் கோண வீழல். அமெரிக்க டிராயிங்குகள் மூன்றாம் கோணம். இதைக் கவனிக்காமல் புரோகிராம் போட்டால் பாகம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக வந்து நிற்கும். எல்லா அளவும் சரியாக இருக்கும், பாகம் குப்பைக்குப் போகும்.

அடுத்து நோட்ஸ் பகுதி. அங்கேதான் மெட்டீரியல் ஸ்பெசிஃபிகேஷன், எட்ஜ் உடைப்பு, கோட்டிங், மார்க்கிங் எல்லாம் ஒளிந்திருக்கும். எந்த ஆண்டு தரப்படி டாலரன்ஸ் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். டாலரன்ஸ் குறிகளுக்கான அமெரிக்கத் தரமான ஒய்14.5இன் 1994, 2009, 2018 பதிப்புகளுக்குள் வேறுபாடு உண்டு.

துளை தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் பொசிஷன் டாலரன்ஸில் நம் ஆட்கள் இழப்பது அதிகம். துளை 6.00 முதல் 6.10 வரை, பொசிஷன் 0.2, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘எம்’ குறி என்று வைத்துக்கொள்வோம். துளை தன் குறைந்தபட்ச அளவைவிட எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூடுதல் விலகலுக்கு அந்தக் குறி இடம் தருகிறது. துளையை 6.08இல் முடித்தால் 0.08 போனஸ் கிடைக்கும். இட விலகல் 0.28 வரை போகலாம். இது தெரியாமல் நல்ல பாகத்தைக் கழித்துவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. அதைவிட மோசம், குறியே இல்லாத இடத்தில் போனஸ் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவது.

கோட்டிங் இருந்தால் அளவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 50 மைக்ரான் ஹார்ட் அனோடைஸ் (அலுமினியத்தின் மேல் வளர்க்கும் கடினமான ஆக்சைடு படலம்) என்றால் சுமார் பாதி உலோகத்துக்குள் இறங்கும், பாதி வெளியே வளரும். ஒரு பரப்புக்கு 25 மைக்ரான். துளையில் இரு பக்கமும் வளர்வதால் விட்டம் 0.05 குறையும். கோட்டிங்குக்குப் பிறகு 10.00 முதல் 10.03 வேண்டுமென்றால் 10.065ஐக் குறிவைத்து முடிக்க வேண்டும். டிராயிங் அளவு கோட்டிங்குக்கு முன்னா, பின்னா என்று எழுதியிருக்காவிட்டால் மெயிலில் கேட்டு பதிலை ஃபைலில் வையுங்கள். ஃபோனில் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

டிராயிங்கை வாட்ஸ்அப்பில் சுற்ற விடக் கூடாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பாதுகாப்புத் துறை டிராயிங் என்றால் வெளியே ஜாப் கொடுப்பதற்குக்கூட எழுத்தில் அனுமதி வேண்டும்.

அளவெடுக்கும் அறை

அளவுக்கு உலகமெங்கும் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் நீளும். ஸ்டீல் சுமார் 11.5. மதியம் 32 டிகிரி இருக்கும் ஷெட்டில் ஸ்டீல் மைக்ரோமீட்டர் 300.00 காட்டிய அலுமினியப் பாகம், 20 டிகிரி அறைக்குள் போனால் 299.96தான். நீங்கள் ஓ.கே. போட்டு அனுப்பியது வாடிக்கையாளரின் முப்பரிமாண அளவு எந்திரமான சி.எம்.எம்.மில் ரிஜெக்ட் ஆவதற்கு பாதி நேரம் இதுதான் காரணம். மெஷினிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் இன்னும் மோசம். பாகம் கூலன்ட் சூட்டில் இருக்கும், மைக்ரோமீட்டர் வேறு சூட்டில் இருக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை போதும். கம்ப்ரஸர், பிரஸ் பக்கத்தில் வேண்டாம். 20 டிகிரி, கூடக் குறைய 2. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே. மழைக்காலத்தில் ஸ்லிப் கேஜில் துரு பிடிப்பது இதனால்தான். ஏ.சி.யை இரவில் அணைத்து காலையில் போட்டால் கிரானைட் கல் மதியம்வரை நிலைக்கு வராது. அதனால் அணைக்காமல் ஓட வேண்டும், கரன்ட் செலவை விலையில் சேர்க்க வேண்டும். பாகத்தைக் கழுவித் துடைத்து கல்லின் மேல் வைத்து, சின்னது என்றால் ஒரு மணி நேரம், பெரியது என்றால் மூன்று மணி நேரம் அறை வெப்பநிலைக்கு வர விடுங்கள்.

தொடக்கத்துக்கு இவை வேண்டும்: கிரேடு 0 கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், ஸ்லிப் கேஜ் செட், ஹைட் கேஜ், போர் கேஜ்கள், பின் கேஜ் செட், திரெட் கேஜ்கள், ரஃப்னஸ் டெஸ்டர், 10 மடங்கு லென்ஸ். சி.எம்.எம். உடனே வேண்டாம். ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்கு அளந்து தருபவர்கள் உண்டு, தேசிய ஆய்வக அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபாகப் பார்த்துக் கொடுங்கள். மாதாமாதம் அந்த வாடகை பில் ஏறி, சொந்த மெஷினின் தவணையைத் தொடும்போது வாங்கலாம்.

கருவி நல்லதாக இருந்தால் போதாது, அளக்கும் கையும் ஒத்துப்போக வேண்டும். பத்துப் பாகங்களை மூன்று பேர் மும்மூன்று முறை அளக்கட்டும், மொத்தம் 90 ரீடிங். ஒருவர் எடுத்த அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. இந்த கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனையில் அளவீட்டுச் சிதறல் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நல்லது. 30ஐத் தாண்டினால் அந்த அளவை அந்தக் கருவியால் எடுக்கவே கூடாது. போர் கேஜில்தான் பெரும்பாலும் தோற்போம். ஆட்டிப் பார்க்கும் கைப்பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும்.

மெட்டீரியல்

பார்வைக்கு 6061, 7075 என்ற இரண்டு அலுமினியக் கலவைகளும் ஒன்றுதான். ஒன்று கலந்துவிட்டால் பாகத்தின் வலிமை பாதியாகக்கூடக் குறையலாம். டி6 எனும் சூடேற்றிக் கடினமாக்கிய நிலையில் 6061 சுமார் 95 பிரினெல் கடினம், 7075 சுமார் 150. சந்தேகம் வந்தால் ஹார்ட்னஸ் டெஸ்டர் ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தச் சோதனை சான்றுக்கு மாற்று ஆகாது. மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் 3.1 வகையாக (உலோகம் செய்த ஆலையே சோதனை முடிவுகளோடு தருவது) இருக்க வேண்டும், அதிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்த உலோகம் என்ற எண்) பாரில் குத்திய நம்பரோடு பொருந்த வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு அறுக்கும் இடத்தில். நம்பர் பாரின் ஒரு முனையில்தான் இருக்கும். அந்த முனையிலிருந்து அறுக்கத் தொடங்கினால் மிச்சம் நம்பர் இல்லாத அநாதைத் துண்டு. விதி எளிது: பிளேடு படுவதற்கு முன்பே இரண்டு துண்டிலும் நம்பர் எழுதியாக வேண்டும். நம்பர் இல்லாத துண்டு எவ்வளவு விலையுள்ளதானாலும் பம்ப் வேலைக்குப் போகட்டும், விமான ரேக்குக்குத் திரும்பக் கூடாது.

வெட்டும்போது

40 மி.மீ. 7075 பிளேட்டில் பாக்கெட் போட்டு 2 மி.மீ. சுவர் விடுகிற ஜாபை எடுத்துக்கொள்வோம். வைஸில் இறுக்கியிருக்கும்போது டயல் வைத்தால் தட்டை 0.01க்குள் காட்டும். வைஸைத் தளர்த்தினால் ஒரு மூலை 0.3 எழும்பி நிற்கும். மெஷினில் குற்றமில்லை. பிளேட்டுக்குள் அடைந்திருந்த இழுவிசை, ஒரு பக்க உலோகம் போனதும் சமநிலை தேடிக்கொள்கிறது.

அதனால் முதலில் டி651 அல்லது டி7351 பிளேட் வாங்குங்கள். கடைசி 51 என்பது பிளேட்டை இழுத்து உள்விசையைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு எல்லாப் பக்கமும் 1 முதல் 1.5 மி.மீ. விட்டு ரஃப் அடித்து, வைஸிலிருந்து எடுத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் அது வளைந்திருக்கும், வளையட்டும். அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் ஷிம் வைத்து, நசுக்கி நேராக்காமல் மெதுவாகப் பிடித்து, டேட்டம் முகத்தை (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான பரப்பை) லேசாக எடுங்கள். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறி சிறிது சிறிதாக ஃபினிஷ். சுவரைக் கடைசியில் ஒரே ஆழத்தில் எடுத்தால் கட்டர் தள்ளி, மேலே தடிமனாகவும் கீழே மெல்லியதாகவும் வரும். படிப்படியாக இறங்குங்கள்.

வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறான பர் எடுப்பதைக் கடைசி வேலையாக, கத்துக்குட்டிப் பையனிடம் விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பம்பில் ஒரு சிறு பர் தண்ணீரோடு போய்விடும். ஹைட்ராலிக் வால்வில் அது உள்ளே நகரும் தண்டான ஸ்பூலை இறுக்கிவிடும். எட்ஜ் 0.1 முதல் 0.4 என்று சொல்லியிருந்தால் சுற்றிலும் ஒரே சீராக, 10 மடங்கு லென்ஸில் பார்த்து முடிக்க வேண்டும். குறுக்குத் துளைகள் சந்திக்கும் உள்மூலைதான் கோட்டைவிடும் இடம். அலுமினியத்தில் இரும்புக் கம்பி பிரஷ் போடாதீர்கள். இரும்புத் துகள் பதிந்து அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும்.

அனோடைஸ், ஹீட் ட்ரீட்மென்ட், விரிசல் சோதனை போன்ற ஸ்பெஷல் பிராசஸ்களை வாடிக்கையாளர் ஒப்புதல் பட்டியலில் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். பெரும்பாலும் விமானத் துறையின் ஸ்பெஷல் பிராசஸ்களுக்கான நாட்கேப் சான்று கேட்பார்கள். அதற்குப் பெங்களூர்வரை போக வேண்டி வரும். போய்வர ஆகும் நாட்களை டெலிவரி தேதியில் சேர்க்க மறக்காதீர்கள். தெரிந்தவர் கடை பக்கத்திலேயே இருக்கிறது என்று அங்கே கொடுத்தால் மொத்த லாட்டும் செல்லாது.

முதல் பாகத்தின் அறிக்கை

ஏ.எஸ். 9102 எனும் முதல் பாக ஆய்வு மூன்று படிவங்கள். முதலாவதில் பாகத்தின் எண், ரிவிஷன், சார்ந்த பாகங்கள். இரண்டாவதில் மெட்டீரியலும் ஸ்பெஷல் பிராசஸும் செயல்பாட்டுச் சோதனைகளும். மூன்றாவதில் ஒவ்வொரு அளவும். டிராயிங்கில் எல்லா அளவுக்கும் நோட்ஸின் ஒவ்வொரு வரிக்கும் பலூன் நம்பர் (வட்டமிட்ட வரிசை எண்) போட்டு, அதே வரிசையில் மூன்றாம் படிவத்தை நிரப்ப வேண்டும். 140 பலூன் உள்ள பாகத்துக்கு நல்ல ஆளுக்கு முழுதாக இரண்டு நாள் பிடிக்கும். ‘ஓ.கே.’ என்று எழுதக் கூடாது, எடுத்த எண்ணை எழுத வேண்டும், எந்தக் கருவி என்றும் எழுத வேண்டும்.

டிசைன் மாறினாலோ, மெஷினோ இடமோ செய்முறையோ பாகத்தைப் பாதிக்கும் விதத்தில் மாறினாலோ, இரண்டு வருடம் அந்தப் பாகம் ஓடாமல் இருந்தாலோ திரும்பச் செய்ய வேண்டும். ஷெட்டை மாற்றிய பட்டறைகள் இதை மறந்து ஆடிட்டில் மாட்டுகின்றன.

ஏ.எஸ். 9100 ஆடிட்

ஐ.எஸ்.ஓ. 9001:2015 முழுவதும் இதற்குள் அடக்கம். அதற்கு மேல் ரிஸ்க், கான்ஃபிகரேஷன் (எந்த ரிவிஷன்படி செய்தது என்ற கட்டுப்பாடு), போலிப் பாகத் தடுப்பு, பாகத்தில் அந்நியப் பொருள் தங்காமல் பார்ப்பது ஆகியவை சேரும். கன்சல்டன்ட் எழுதித் தரும் மேனுவலை நம்பிப் போகாதீர்கள். ஆடிட்டர் பெட்டியிலிருந்து ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, இதன் ஹீட் நம்பர் எது, யார் ஓட்டினார், அவருக்கு எப்போது பயிற்சி, அளந்த மைக்ரோமீட்டரின் கேலிபிரேஷன் எப்போது முடிகிறது என்று கேட்பார். பதில் பத்து நிமிடத்தில் காகிதமாக வர வேண்டும்.

மெஷின் பக்கத்தில் பழைய ரிவிஷன் டிராயிங் தொங்குவது, தேதி தாண்டிய வெர்னியர் டூல் பெட்டியில் கிடப்பது, பதிவில் வைட்னர் போட்டுத் திருத்துவது ஆகியவை அடிக்கடி பிடிபடும். திருத்த வேண்டுமானால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். முதல்கட்ட ஆடிட்டுக்கு முன் குறைந்தது மூன்று மாதப் பதிவுகள், ஒரு முழு உள் ஆடிட், நிர்வாக ஆய்வுக் கூட்டம் ஆகியவை முடிந்திருக்கட்டும். தொடக்கத்திலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். இந்த வேலைக்கென்று தனியாக ஒரு குவாலிட்டி ஆள் வேண்டும். புரொடக்ஷன் சூப்பர்வைசரிடமே இதையும் சுமத்தினால், மாதக் கடைசியில் டெலிவரி நெருக்கும்போது அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது தெரிந்ததே.

விலையும் பணமும்

மெஷின் ஓட ஒரு மணிக்கு ஆகும் ரேட்டை ஊர் வழக்கப்படி சொல்லாமல் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். 35 லட்ச ரூபாய் வி.எம்.சி. (செங்குத்து மெஷினிங் சென்டர்), ஏழு வருட ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். 300 நாள், இரண்டு ஷிஃப்ட், 65 சதவீதம் ஓட்டம் என்றால் வருடத்துக்கு 3,120 மணி. தேய்மானம் மணிக்கு 160 ரூபாய், வட்டி 56, ஆபரேட்டர்கள் இருவருக்கு மாதம் 22,000 வீதம் 169, மின்சாரம் 64, பராமரிப்பும் ஆயிலும் 38, வாடகையும் ஆபீஸும் 77. மொத்தம் 564. இதில் டூல் செலவு இல்லை, லாபமும் இல்லை. விமான ஆர்டரில் ஒரு லாட் 20, 25 பாகம்தான் இருக்கும், செட்டிங் நேரமே ஓட்ட நேரத்தைத் தின்னும், 65 சதவீதம் எட்டாது. அதனால் செட்டிங், ஃபிக்ஸ்சர், முதல் பாக அறிக்கை மூன்றையும் ஒருமுறைச் செலவாகத் தனி வரியில் கேளுங்கள். பீஸ் விலைக்குள் ஒளித்து வைத்தால் ஆர்டர் பாதியில் நின்றால் உங்கள் கையைக் கடிக்கும்.

பணம் 60, 90 நாள் என்று இழுக்கும். குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் எதுவானாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். தாமதக் கட்டணத்துக்கான அரசுத் தளத்தில் புகார் போடுவது கடைசி வழி. வாடிக்கையாளர் பில்லைத் தள்ளுபடிக்கு விற்கும் மின்தளமான டிரெட்ஸில் இருந்தால் அவர் பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கியிடம் தள்ளுபடியில் பணம் வாங்கிக்கொள்ளலாம். இருக்கிறாரா என்று விலை சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தவறு நடந்தால்

நடக்கும். டாலரன்ஸ் தாண்டிய பாகத்தைப் பூட்டுள்ள சிவப்புப் பெட்டியில் போடுங்கள், சாவி குவாலிட்டி ஆளிடம் இருக்கட்டும். வெல்ட் வைத்து நிரப்பித் திரும்ப வெட்டுவது பம்ப் வேலையில் திறமை; இங்கே அது எழுத்தில் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாத வேலை. பாகம் பயன்படும் என்று தோன்றினால் அனுப்புவதற்கு முன் கன்செஷன் (குறையோடு ஏற்க வாடிக்கையாளர் தரும் எழுத்து அனுமதி) கேளுங்கள். ஏற்கெனவே அனுப்பிய லாட்டில் தவறு இருப்பது பிறகு தெரிந்தால் அன்றைக்கே எந்த சீரியல் நம்பர்கள் என்று எழுதித் தெரிவியுங்கள். சொல்லிவிட்ட பட்டறை ஆர்டரை இழப்பது அரிது. மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

கழித்தே ஆக வேண்டிய பாகத்தைப் பெயின்ட் பூசி ஸ்கிராப்பில் தூக்கிப் போட்டால் போதாது. யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி டேட்டம் முகத்தின் குறுக்கே பேண்ட்சாவில் இரண்டாக அறுத்து, சீரியல் நம்பரையும் தேதியையும் பதிவேட்டில் எழுதிய பிறகே பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.